முனிர்காவில் ஒரு தமிழ்க் கணினி

1

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. லினக்ஸ் என்ற கணினி மென்பொருளைத் தமிழில் கொண்டுவரும் தன்னார்வலர்கள் குழு அனுப்பியது. புதிய பதிப்பு வெளியாகிவிட்டதாம். பங்களித்தவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறதாம். அடுத்த பதிப்புக்கும் வலைத்தொடர்புப் பகுதியை நானே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பட்டியலைத் திறந்து பார்த்தேன். தேவசகாயம், டெல்லி. எழுத்துப் பிழை இல்லை.

இதில் என்ன அதிசயம் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தோன்றும். நான் பாளையங்கோட்டையிலிருந்து டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த அன்று, சேர்க்கைப் படிவத்தை இந்தியில் தட்டச்சு செய்த குமாஸ்தா என் பெயரைக் காதால் கேட்டு இரண்டாக வெட்டிவிட்டார். தேவ் சஹாய். வடக்கே அது நல்ல பெயர், பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் சஹாய்கள் நிறைய. முதல் மாதம் முழுக்கப் பாட்னாவில் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். திருத்தச் சொல்லி மனுப் போட்டேன். பிரமாணப் பத்திரம் வேண்டும், இரண்டு செய்தித்தாளில் விளம்பரம் வேண்டும், அரசிதழில் வர வேண்டும் என்றார்கள். அந்த மனுவிலும் தேவ் சஹாய் என்றுதான் கையெழுத்துப் போட வேண்டுமாம், ஏனென்றால் தேவசகாயம் என்று யாரும் அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கவில்லை. கோப்பு மூன்று மாடி ஏறி இறங்கியது. பிறகு அது எங்கே போனதென்று நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன். பள்ளியில் என் மகள் பெயர் பியூலா சஹாய் என்று ஏறியது அந்தக் காலத்தில்தான்.

அதனால்தான் ஒரு மென்பொருளின் பின்பக்கத்தில் என் பெயர் முழுசாக வந்திருப்பது எனக்குப் பெரிய விஷயம். ஆனாலும் அந்த மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை என்று நினைக்கிறேன். காரணத்தைக் குழுவுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது கொஞ்சம் சுலபம்.

2

எங்கள் வீட்டில், அதாவது பாளையங்கோட்டை வீட்டில், தினமும் சாயங்கால ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும். அப்பா பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். யாராவது ஒரு எழுத்தைத் தவறாகச் சொன்னால் கோபப்பட மாட்டார், அடிக்க மாட்டார். "மறுபடி" என்பார், அவ்வளவுதான். சரியாக வரும்வரை மறுபடி. நான் கடைசிப் பிள்ளை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை எண்ணி, எந்த வசனம் எனக்கு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதை மட்டும் மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மற்றவர்கள் என்ன வாசித்தார்கள் என்பது என் காதில் விழுந்ததே இல்லை.

அப்பாவின் இந்த "மறுபடி" எவ்வளவு மோசமான பழக்கம் என்று நன்றாகத் தெரிந்தும் டெல்லியில், எங்கள் ஜனக்புரி வீட்டில் நானும் அதையே செய்தேன். நடக்கிற தூரத்தில் தமிழ்ப் பள்ளி இருந்தது. நாலு பேர் பேச்சைக் கேட்டு, இங்கிலீஷ் மீடியம்தான் சோறு போடும் என்று பியூலாவை வேறு பள்ளியில் போட்டோம். சரி, வீட்டில் நான் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். அவளுக்கு ழகரம் வராது, றகரமும் ரகரமும் ஒன்று. நான் "மறுபடி" என்பேன். நாலாவது வகுப்பில் ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இனிமேல் இங்கிலீஷ் பைபிளில் வாசிக்கட்டுமா என்று கேட்டாள். என் மனைவி எஸ்தர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஷிப்டு முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "பிள்ளைய ஏன் இப்படிப் போட்டு நோண்டுதீங்க? நீங்க கொஞ்சம் வாய மூடிட்டு இருந்தா அது தானா பேசும்."

நான் வாயை மூடவில்லை. பியூலாதான் மூடிக்கொண்டாள். வளர்ந்த பிறகு என்னிடம் தமிழில் பேசுவாள், ஆனால் சின்னச் சின்ன வாக்கியமாக, தெரிந்த சொற்களை மட்டும் வைத்து. நீளமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் இந்தியில் போய்ச் சொல்வாள். எஸ்தர் தமிழில் எனக்குச் சொல்வாள்.

முதுகலை இயற்பியலின் கடைசி வருடத்தில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் என்று முனிர்காவில் மூன்றாவது மாடியில் தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அப்போது சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலுக்குப் போய்விட்டு வந்தாள். காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. யாராவது ஒருவர் வேண்டாமென்றால் இடம் அவளுக்கு, மின்னஞ்சலில் தெரிவிப்போம் என்றார்கள். ஐந்து வருடம் என் மகள் சென்னையில் இருப்பாள் என்ற நினைப்பு எனக்குள் எப்படி ஊறியது என்று சொல்ல முடியாது. அவள் கடைக்குப் போவாள், பஸ்ஸில் சண்டை போடுவாள், வீட்டுக்காரம்மாவிடம் தண்ணீர் வரவில்லை என்று கத்துவாள், எல்லாம் தமிழில். நான் கெடுத்ததை அந்த ஊர் சரிசெய்துவிடும் என்று நம்பினேன். எனக்கு அந்த இடம் அவளைவிட அதிகமாகத் தேவைப்பட்டது.

3

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் திவாரி என்பவர் தன் பழைய மடிக்கணினியை விற்றார். வாங்கி பியூலாவுக்குக் கொடுத்தேன். உள்ளே லினக்ஸ் போட்டேன். தெரியாதவர்களுக்கு: கம்ப்யூட்டர் ஓட விண்டோஸ் மாதிரி ஒரு அடிப்படை மென்பொருள் வேண்டும். லினக்ஸ் அப்படி ஒன்று, இலவசம், யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், தன் மொழிக்கு மாற்றலாம். திரையில் தோன்றும் சொற்களைத் தமிழாக்கும் குழுவில் நான் இரண்டு வருடமாக இருந்தேன். ஞாயிறு சர்ச் முடிந்து வந்தால் அதுதான் வேலை. ஆகவே பியூலாவின் கணினி தமிழ் பேசியது.

அவள் ஆட்சேபிக்கவில்லை. சென்னைக்குப் போனால் பஸ் போர்டு படிக்க வேண்டுமே என்று அவளே சொன்னாள். எழுத்துகள் அவளுக்குத் தெரியும், கூட்டிப் படிக்கத்தான் நேரமாகும். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "அப்பா, வைஃபை வரணும். கீழ் ஃப்ளோர்ல ஸ்டூடண்ட்ஸ் வைஃபை வச்சிருக்காங்க, எனக்கும் ஷேர் இருக்கு. ரூம்ல கேபிள் இல்ல. வைஃபை வரலைன்னா நான் விண்டோஸ் போட்டுருவேன்."

நியாயமான பேச்சு. வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

வரவில்லை. கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் அதை இயக்க ஒரு நிரல் வேண்டும். டிரைவர் என்பார்கள். எங்கள் குழுவில் அதை ஓட்டி என்பதா, ஓட்டுநர் என்பதா, இயக்கி என்பதா என்று ஒரு மாதம் அடித்துக்கொண்டு, கடைசியில் நான் சொன்ன இயக்கி நின்றது. பியூலாவின் கணினியில் வைஃபை பிடிக்கும் கம்பியில்லா அட்டைக்கு லினக்ஸ் இயக்கி கிடையாது. செய்த நிறுவனம் விண்டோஸுக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது. ஒரு வாரமாக டிரைவர் கிடைக்கவில்லை என்று நான் அலுவலகத்தில் புலம்புவதைக் கேட்டுத் திவாரி, தன் மாமா பையன் ஒருவன் இருக்கிறான், லைசென்ஸ் பக்கா, நாளைக்கே வரச் சொல்கிறேன் என்றார். அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. வேண்டாம், கார் இல்லை என்று முடித்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு அட்டையின் பெயரைக் கண்டுபிடிப்பதில் போனது. வெளியே ஒட்டியிருந்த பெயர் வேறு, உள்ளே இருந்த சில்லின், அதாவது சிப்பின், பெயர் வேறு. இரண்டாவது ஞாயிறு, விண்டோஸ் இயக்கியை ஏமாற்றி லினக்ஸில் ஓட வைக்கும் ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறதென்று குழுவில் ஒருவர் எழுதினார். அதை நிறுவினால் வேறு ஒன்று வேண்டும் என்றது. அதைக் கொடுத்தால் இன்னொன்றைக் கேட்டது. எங்கள் அலுவலகம் மாதிரியே என்று எஸ்தரிடம் சொன்னேன். மூன்றாவது ஞாயிறு மத்தியானம், பியூலா சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, விசைப்பலகைக்கு மேலே ஒரு நீல விளக்கு எரிந்தது. ஜனக்புரியின் அந்தத் தெருவில் இருந்த எல்லா வீட்டு வைஃபை பெயரும் வரிசையாகத் திரையில் விழுந்தன.

அவள் என் தோளைத் தட்டி, "அப்பா, யூ ஆர் கிரேட்" என்றாள். இங்கிலீஷில்தான். நான் திருத்தவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பக்கமாக உட்கார்ந்து செய்த காரியம் அது. அன்று சாயங்காலம் அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

4

ஹோலியைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சினிமாவில் பார்க்கிற மாதிரி அழகான வண்ணப் பொடி அல்ல. காலையிலிருந்து மத்தியானம்வரை தெருவில் யார் போனாலும் தண்ணீர் பலூன், சாயம், சில இடங்களில் வண்டி எண்ணெய், சாக்கடைச் சேறு. குடித்துவிட்டு ஆட்டம். தனியாக இருக்கும் பெண்கள் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். கடை, பிரவுசிங் சென்டர், பல்கலைக்கழகம் எல்லாம் மூடிக் கிடக்கும். முனிர்காவின் சந்துகளில் ஒரு பால்கனியிலிருந்து எதிர் பால்கனியைத் தொட்டுவிடலாம். அங்கே ஹோலி அன்று கதவைத் திறக்காமல் இருப்பதுதான் புத்தி.

போன வருட ஹோலி காலையில் பியூலாவுக்கு போன் செய்தேன். கதவைத் திறக்காதே என்றேன். பால் வாங்கி வைத்திருக்கிறாயா என்றேன். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டேன். "ஓடுதுப்பா" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. போனை வைத்துவிட்டு, அன்று முழுவதும் வீட்டில் இணையம் வந்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சென்னையில் ஹோலிக்கு லீவு கிடையாது. அங்கே அது ஒரு சாதாரண வேலை நாள். காலை பத்தரை மணிக்கு நிறுவனத்திலிருந்து பியூலாவுக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது. ஒருவர் விலகிவிட்டார், இடம் உங்களுக்கு, இன்று மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் தெரிவிக்கவும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகும். மறுநாள் பல்கலைக்கழகம் திறந்ததும் அங்கே உட்கார்ந்து அவள் அதைப் படித்தாள். அதற்குக் கீழே இன்னொன்றும் வந்திருந்தது. பதில் வராததால் இடம் அடுத்தவருக்குக் கொடுக்கப்பட்டது என்று.

அலுவலகத்துக்கு போன் செய்து இதை என்னிடம் சொன்னாள். அழவில்லை. எப்படியம்மா பார்க்காமல் விட்டாய் என்று கேட்டதற்கு, நேற்று முழுக்க நெட் வரவில்லை என்று மட்டும் சொன்னாள்.

5

நான் சென்னைக்கு போன் செய்தேன். நாலு இடத்துக்கு மாற்றிவிட்டு, கடைசியில் சேர்க்கைப் பிரிவில் ஒரு அம்மாள் எடுத்தார். இதமான குரல். நான் தமிழில் எல்லாம் சொன்னேன். ஹோலி, கடைகள் மூடியிருந்தது, பெண் தனியாக இருந்தது, இணையம் வராதது.

"ஹோலிக்கு இங்க லீவு இல்லையே சார்" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

கெஞ்சினேன். ஒரு நாள்தானே தாமதம், வேறு யாரையாவது கேட்க முடியுமா என்றேன். அந்த அம்மாள் பாவம், கோப்பை எடுத்துப் பார்த்தார். புதிதாகச் சேர்பவர் இன்று காலையிலேயே சம்மதம் அனுப்பிவிட்டார், இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். பிறகு எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, பேச்சை மாற்றினார். "பியூலா சஹாயோட ஃபாதர்தானே நீங்க? நார்த் இண்டியன்ஸ் இவ்ளோ நல்லா தமிழ் பேசி நான் கேட்டதே இல்ல சார். எங்க கத்துக்கிட்டீங்க?"

நான் பாளையங்கோட்டை என்று சொல்லவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பெயரைத் திருத்தாமல் விட்டதற்காக எனக்கு இது வேண்டும்தான் என்று தோன்றியது.

அடுத்த வருடம் அந்த நிறுவனம் அவள் துறையில் யாரையும் எடுக்கவில்லை. பியூலா இப்போது குர்காவ்னில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுத் தாள்களைச் சரிபார்க்கும் வேலை. இயற்பியல் புத்தகங்கள் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. நல்ல வேலைதானே, பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். ஆமாம் என்று சொல்கிறேன்.

6

சென்னைக்குப் பேசிய அன்று சாயங்காலமே முனிர்காவுக்கு பஸ் ஏறினேன். ஜனக்புரிவரை மெட்ரோ வந்துவிட்டது, ஆனால் அந்தப் பக்கம் போக இன்னும் அவுட்டர் ரிங் ரோடு பஸ்தான். வழியெல்லாம் இயக்கியில் எதை விட்டேன் என்று யோசித்துக்கொண்டே போனேன். சந்துச் சுவர்களிலெல்லாம் இளஞ்சிவப்பும் பச்சையும் ஒழுகிக் காய்ந்திருந்தன.

பியூலா டீ போட்டாள். நான் கணினியைத் திறந்தேன். நீல விளக்கு எரியவில்லை. திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு வரி.

வானொலி விசையால் அணைக்கப்பட்டுள்ளது.

அது நான் எழுதிய வரி.

மொழிபெயர்ப்பவர்களுக்கு நிரல் முழுசாக வராது. நூற்றுக்கணக்கான ஆங்கில வரிகள் பட்டியலாக வரும், எது திரையில் எங்கே தோன்றும் என்று தெரியாது. அந்தப் பட்டியலில் ரேடியோ என்று இருந்தது. கணினிக்குள் அலைகளை அனுப்பி வாங்கும் பாகத்துக்கும் அதே பெயர்தான். நான் அதை ஆகாசவாணியாக்கிவிட்டேன். அடுத்த சொல் ஸ்விட்ச். கணினியின் முன்விளிம்பில் நகத்தால் தள்ளுகிற ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், பையில் வைக்கும்போது எதிலாவது உரசி அணைந்துவிடும். குழுவில் ஒரு இளம்பெண் இதை ஸ்விட்ச் என்றே விட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியுமே என்று எழுதினார். அவருக்கு நான் மூன்று பக்கம் பதில் எழுதினேன். தமிழில் சொல் இருக்கும்போது கடன் வாங்குவது சோம்பேறித்தனம் என்றேன். விசை என்றே நின்றது. எங்கள் தமிழில் விசைப்பலகையின் விசையும் விசைதான்.

நகத்தால் தள்ளினேன். நீல விளக்கு எரிந்தது. கீழ்த்தள மாணவர்களின் வைஃபை உடனே வந்துவிட்டது.

பியூலா பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். அந்த வரியைத் தன் கையால் எழுதியிருந்தாள். விசை என்பதில் ஐகாரக் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு, அடித்து, முன்னால் எழுதியிருந்தாள். கீழே ஒவ்வொரு சொல்லின் உச்சரிப்பும் இந்தி எழுத்தில். அதற்கும் கீழே, விசைப்பலகையில் எந்தெந்த விசையை அழுத்திப் பார்த்தாள் என்று வரிசையாகக் குறித்து, ஒவ்வொன்றாக அடித்திருந்தாள். ஹோலி அன்று முழுக்க அவள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தது இதுதான்.

எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று கேட்டேன். ஹோலி அன்று காலையில் நானேதானே பேசினேன்.

"பண்ணலாம்னு நினைச்சேன். பண்ணினா நீங்க முதல்ல என்னை வாசிக்கச் சொல்வீங்க. அப்புறம் எந்த ன, எந்த ணன்னு கேப்பீங்க." டீ தம்ளரைத் தள்ளி வைத்தாள். "வானொலின்னா எனக்குத் தெரியாது. நான் பத்து தடவை படிச்சேன். நான்தான் கலத், தப்பா படிக்கிறேன்னு நினைச்சேன்."

கீழே யாரோ தண்ணீர் மோட்டார் போட்டார்கள். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு அவள்தான் கேட்டாள்.

"அப்பா, நான் சரியாத்தானே படிச்சேன்?"

"சரியாத்தான் படிச்ச. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல, பியூலா. அந்த வரிய எழுதினது நான். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அந்தத் தாளை நாலாக மடித்தாள்.

"அச்சா" என்றாள்.

இருபத்திரண்டு வருடமாக இந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறேன். அப்படியா என்பதற்கும் சொல்வார்கள், சரி என்பதற்கும், நல்லது என்பதற்கும். இனி இந்தப் பேச்சு வேண்டாம் என்பதற்கும் சொல்வார்கள். அன்று என் மகள் சொன்னது இதில் எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.